அடுப்படியில் பேசிய மொழி

கொரோனா அடங்கிக் கல்லூரிகள் மறுபடி திறந்திருந்த வருடம் அது. நான் டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டடத்தின் சுவரைத் தொட்டுவிடலாம். வெளியே வெயிலா மேகமா என்று பார்க்க மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு இந்தி வராது. வகுப்பில் பேராசிரியர் இருக்கும்வரை எல்லோரும் ஸ்பானிஷில் பேசுவார்கள். அவர் வெளியே போனதும் இந்திக்கு மாறிவிடுவார்கள். ஜோக்குகள் எல்லாம் இந்தியில்தான். எல்லோரும் சிரித்து முடித்தபிறகு, பாவம் பார்த்து யாராவது எனக்கு அதை ஆங்கிலத்தில் விளக்குவார்கள். விளக்கம் கேட்டபிறகு சிரிப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று சிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் மோசம். அம்மா போன் செய்து, "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்மா" என்பேன். சில ஞாயிறுகளில் நான் வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

எங்கள் துறையில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். வங்காளத்துக்காரர். நாங்கள் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். டில்லியில் வாழும் லத்தீன் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய உரிமைகளைப் பற்றி எடுத்துச் சொல்ல அவர் ஒரு சின்னக் குழுவை ஆரம்பித்தார். டில்லியில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்கள், நடனம் சொல்லித்தருபவர்கள், மாணவர்கள், கம்பெனி அதிகாரிகள் தங்கள் வீட்டு வேலைக்கென்று சொந்த நாட்டிலிருந்தே கூட்டிவந்த பெண்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அதில் ஆங்கிலமும் இந்தியும் தெரியாதவர்கள் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக நேர்ந்தால் ஊமைதான்.

நாங்கள் ஸ்பானிஷில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் அடித்தோம். உங்கள் பாஸ்போர்ட் உங்களுடையது, அதை வேறு யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்கலாம். உங்கள் தூதரகத்துக்கு நீங்களே நேராகப் போகலாம். இப்படிச் சில விஷயங்கள். நான் அந்தக் குழுவில் சேர்ந்தது மனித உரிமையில் இருந்த ஆர்வத்தால் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை போவதற்கு எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

தெற்கு டில்லியில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஸ்பானிஷ் மொழியில் பூசை நடக்கும். அது முடிந்து வருகிறவர்களிடம் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுப்போம். பலரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ஒரு பெண் மட்டும் வாங்கிக்கொண்டு எதிரே இருந்த பூங்காவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், இரண்டு பின்னல். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "படித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். முழுவதும் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது பாஸ்போர்ட்டைப் பற்றி அல்ல.

"உனக்கு இந்த மொழியை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உன் வாயில் அது விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "என் வாயிலும் அப்படித்தான்" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவர் ஊர் தென் அமெரிக்காவில் ஒரு மலைக்கிராமம். வீட்டில் பேசுவது மலைமக்களின் மொழி. பதினோரு வயதில் நகரத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனபோதுதான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாராம். அந்த வீட்டுப் பெண் வளர்ந்து, கல்யாணம் ஆகி, கணவர் டில்லிக்கு மாற்றலானபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவரையும் கூட்டிவந்துவிட்டார். வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'முச்சாச்சா' என்பார்கள். பெண்ணே என்று அர்த்தம். வேலைக்காரியைக் கூப்பிடும் வார்த்தையும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டிரைவர் வரும்வரை, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம்தான் அவருடையது.

அந்த ஒரு மணி நேரத்தை அவர் எனக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் அவருக்காகவே போனேன். என்னை 'மிஹா' என்று கூப்பிட்டார். மகளே என்பதை அங்கே அப்படிச் செல்லமாகச் சுருக்கிச் சொல்வார்கள். அவர் தன் மொழியில் மழைக்கு என்ன வார்த்தை என்று சொல்வார், நான் தமிழில் சொல்வேன். மழை என்பதில் உள்ள ழகரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. என் ஊர் வெயிலைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார். டில்லிக்கு வந்தபிறகு நான் இவ்வளவு பேசியது அவரிடம்தான்.

பாஸ்போர்ட் வீட்டு அம்மாவிடம் இருக்கிறது என்று மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தீதியிடம் சொன்னேன். உடனே வக்கீலைப் பார்க்கலாம் என்றார் தீதி. அடுத்த ஞாயிறு அதைச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுவும் செய்யாதே, மிஹா. எனக்கு எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் போதும்."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. குளிருக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பூங்காவில் பனிமூட்டம் இறங்கி, எதிரே இருந்த தேவாலயமே தெரியாது. நான் மட்டும் அந்த ஈரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நாங்கள் கொடுத்த நோட்டீஸால் ஏதாவது ஆகிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

அவர் வேலை செய்யும் தெருவை ஒருமுறை சொல்லியிருந்தார். தேடிப் போனேன். பெரிய பெரிய பங்களாக்கள். அந்த வீட்டு வாசலில் காவலாளியிடம் எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளைச் சேர்த்துக் கேட்டேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கையை வீசி, போ என்றார். தெருமுனைக்கு வந்து நின்றபோது அம்மாவின் போன் வந்தது. "ஒண்ணுமில்லமா, மூக்கடைப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, தமிழா நீயி?"

திரும்பிப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர், கையில் ஒரு கட்டைப் பை. ஐம்பது வயது இருக்கும். அந்தப் பங்களாவில் ஒரு வருடமாகச் சமையல் செய்பவராம். சொந்த ஊர் சேலம் பக்கம். டில்லிக்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறதாம், குடியிருப்பது ஒரு குடிசைப் பகுதியில். மதிய வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் யாரைத் தேடி வந்தேன் என்று சொன்னதும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அச்சா, அந்தப் பார்க்குப் பொண்ணு நீதானா! ஞாயித்துக்கெழம வந்தா மூஞ்சி பூரா சிரிப்பா வருமே அது! இப்ப அழுதுக்கிட்டே கெடக்குது கண்ணு. என்னான்னு கேட்டா எனக்கு வெளங்கல. அது பாட்டுக்கு அது பாஷையில சொல்லுது, நாம்பாட்டுக்கு நம்ம பாஷையில சொல்றேன். நீ கேட்டுச் சொல்லேன்."

எப்படிக் கேட்பது? அவரிடம் போன் கிடையாது, என்னை உள்ளே விடவும் மாட்டார்கள். அந்த அக்காவே தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல பேசிப் போடு. நான் சமயக்கட்டுல போட்டுக் காட்டறேன்."

அப்படித்தான் தொடங்கியது. நான் ஸ்பானிஷில் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். அக்கா மிக்சியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அந்தப் பெண்ணின் காதில் போனை வைப்பாராம். பதில் வரும். பின்னால் குக்கர் விசில் கேட்கும், அக்கா "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்துவது கேட்கும். நடுவில் அவருடைய குரல், கிசுகிசுப்பாக.

நடந்தது இதுதான். நான் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னவர், தானே ஒரு நாள் வீட்டு அம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார். உன்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவாய், எங்களிடம் பத்திரமாக இருக்கட்டும் என்றாராம் அந்த அம்மா. அந்த வாரத்திலிருந்து ஞாயிறு நின்றுவிட்டது. குளிரில் எதற்கு அலைகிறாய், பூசையை டிவியிலேயே பார்த்துக்கொள் என்று ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்களாம். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பாகப் பேசியே உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் அவர் தன்னைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். நான் என்ன சாப்பிட்டேன், அறையில் ஹீட்டர் வாங்கினேனா, பெஞ்சில் தனியாக உட்காராதே என்று இதெல்லாம்தான் அதிகம். நானும் அவர் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அந்தக் குக்கர் விசிலைக்கூடக் கேட்டிருக்கிறேன். வீடு என்றால் அந்தச் சத்தம்தானே.

ஜனவரி கடைசியில் ஒரு காலையில் வந்த மெசேஜில் மிக்சி சத்தம் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"மிஹா, என் அம்மா கனவில் வந்தாள். என்னிடம் ஸ்பானிஷில் பேசினாள். என் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நான் போக வேண்டும். எனக்குள் என் மொழி அழிந்துபோவதற்குள் போக வேண்டும்."

முனிர்கா பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்து போய்விட்டது. எனக்கு எப்போதாவது கனவில் யாராவது இந்தியில் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நேராகத் தீதியின் அறைக்குப் போனேன்.

தீதிக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மா இருந்தார். அவர் அந்தப் பெண்ணின் நாட்டுத் தூதரகத்தில் பேசினார். அங்கே ஓர் இளம் அதிகாரி மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, தானே அந்த வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். போக வேண்டும் என்று அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதிகாரி எழுந்து வந்துவிட வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்குப் பழக்கமான முகம் ஒன்று இருக்கட்டும் என்று வக்கீல் அம்மா என்னையும் கூட்டிப்போனார்.

அன்று மதியம் அந்தக் காவலாளி எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பெரிய கூடம். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் எங்களை எழுந்து நின்று வரவேற்றார்கள். காபி கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு பின்னலோடு அவர் வந்து கம்பளத்தின் ஓரத்தில் நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்து, உடனே அடங்கிவிட்டது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "ஊருக்குப் போக விரும்புகிறீர்களா? உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா?"

அவர் வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"சொல் பெண்ணே, பயப்படாதே" என்றார் வீட்டு அம்மா, சிரித்த முகத்தோடு. "உனக்கு இங்கே என்ன குறை? நீ எங்கள் வீட்டுப் பெண் இல்லையா? குழந்தைகள் உன்னை விட்டுவிட்டு எப்படி இருப்பார்கள்?"

அவர் கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வக்கீல் அம்மா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டால் செல்லாது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரியின் முகத்தில், சரி, கிளம்பலாம் என்ற எண்ணம் வருவதை நான் பார்த்தேன்.

அப்போது சமையல்கார அக்கா காபித் தட்டோடு வந்தார். தட்டை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. நேராகக் கம்பளத்தின் ஓரத்துக்குப் போய், அவர் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டார். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"சொல்லு புள்ள" என்றார் தமிழில். "எங்கிட்ட அத்தன சொல்லுவியே, இவங்ககிட்டயும் சொல்லிப்போடு."

வீட்டு அம்மா ஆங்கிலத்தில், "நீ உள்ளே போ" என்றார். அக்கா நகரவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். பேசத் தொடங்கினார். தனித்தனி வார்த்தைகளாகத் தவிர நான் அதுவரை கேட்டேயிராத ஒரு பேச்சு. தொண்டைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் கூழாங்கற்கள் உருண்டு வருவது போல. அவருடைய மலைமொழி. அதிகாரிக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் "ம்ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பேசப் பேச அவர் குரல் உரத்தது. முடிந்ததும் அதிகாரியின் பக்கம் திரும்பி, சுத்தமான ஸ்பானிஷில் சொன்னார்.

"என் பாஸ்போர்ட் இவர்களிடம் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். நான் வீட்டுக்குப் போகிறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து கொடுத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அவர் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்தார். தூதரகத்தின் காரில் அவரை ஏற்றிக்கொண்டார்கள். விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு ஆகும்வரை அங்கே வேலை செய்யும் ஒருவரின் குடும்பத்தோடு தங்குவார் என்றார்கள். காரில் ஏறுவதற்கு முன் போர்ட்டிகோவில் அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். தலை என் தோள் உயரம்தான் இருந்தது. "மிஹா, மிஹா" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஸ்பானிஷ் முழுவதும் மறந்துபோனது. "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று தமிழில் சொன்னேன்.

அதுதான் கடைசி. அவரிடம் போன் கிடையாது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அதிகாரி தீதியிடம் சொன்னார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

மறுநாளே அந்த வீட்டில் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடினேன். அவர் குடிசை வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எங்களால்தானே அக்கா என்று நான் ஆரம்பித்ததும் தடுத்துவிட்டார்.

"டில்லில வீட்டுக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருவுலயே கூப்புடுறாங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்டார். "ஏங்கண்ணு, அன்னிக்கு மொதல்ல அது பேசுச்சே, அது என்ன பாஷ? அதத்தான் தினம் அடுப்படில எங்கிட்டப் பேசும். நீ போன்ல பேசுறது வேற மாதிரி இருக்குதேன்னு நெனச்சுக்குவேன்."

அந்தப் பெண்ணுடன் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். தன் சொந்த மொழியில், தன் மனதில் இருந்ததை எல்லாம், ஒரு வார்த்தைகூடப் புரியாத இந்த அக்காவிடம்தான் அவர் தினமும் சொல்லியிருக்கிறார். என்னிடம் பேசியது விருந்தாளி மொழியில். கொஞ்சம் வலித்தது. நல்லவேளை, அவருக்கு இப்படி ஒருவர் இருந்தாரே என்றும் தோன்றியது.

"அது அவங்க அம்மா பாஷைக்கா" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே, அன்னிக்கு எந்தத் தைரியத்துல போயி நின்னீங்க?"

"புரிஞ்சாத்தான் நிக்கணுமா? ஒரு வருசமா ஒரே அடுப்புல நின்னவங்க."

படிப்பு முடியும்வரை அந்தக் குழுவில் இருந்தேன். எத்தனையோ பேருக்கு மஞ்சள் நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி நீளமாகிவிட்டன. அந்தப் பெஞ்சில் மட்டும் நான் பிறகு உட்காரவில்லை. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சுற்றிலும் தமிழ்தான், ஆனாலும் டில்லியில் இருந்த தனிமை கொஞ்சம் அப்படியே இருக்கிறது. அலுவலகத்திலோ பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ தனக்கு வேண்டியதைச் சொல்ல முடியாமல் யாராவது தவித்து நின்றால், அவர் பேசுவது எனக்குத் தெரிந்த மொழியா என்று யோசிப்பதற்கு முன்பே போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்; அது போதுமா என்பது எனக்கு இன்றும் தெரியாது.